அரிக்கன் லாம்பும் 'காம்ப்' எண்ட சொல்லும்

நக்கிள்ஸ், ரிவர்ஸ்டன், மீமுரே எண்டு எங்கட வயசுக்காரர் போய்வந்து போடுற படங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கூடாரம் இருக்கும், பக்கத்தில் நெருப்பு எரியும், கூடார வாசலில் ஒரு அரிக்கன் லாம்பு தொங்கும். பல நேரம் அந்த லாம்புக்குள் எண்ணெயே இல்லை. உள்ளே எல்.ஈ.டி. பல்ப், கீழே சார்ஜ் ஏற்ற ஒரு துளை. எண்ணெய் போய்விட்டது, திரி போய்விட்டது, உருவம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இந்த உருவம் எங்கேயிருந்து வந்தது? காட்டில் இரவு தங்கும் ஆசையோடு அது எப்படி ஒட்டிக்கொண்டது? அதே லாம்பை எங்கட வீட்டுப் பெரியாக்கள் ஏன் ஒரு ஆசையும் இல்லாமல் பார்க்கினம்?

முதலில் பெயர். 'அரிக்கன்' எண்டது 'ஹரிக்கேன்' எண்ட சொல்லை எங்கட வாய் வளைத்த விதம். புயல் விளக்கு. அந்த ஆங்கிலச் சொல்லும் சொந்தச் சொல் இல்லை. கரிபியன் தீவுகளின் ரைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் எடுத்து, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தது. கரிபியன் புயல் ஒன்று யாழ்ப்பாணத்துத் திண்ணை வரைக்கும் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

மண்ணெண்ணெய் வருவதற்கு முன்னம் எங்கட பக்கத்தில் எரிந்தது இலுப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீடுகளில் திமிங்கில எண்ணெய். 1846இல் கனடாவைச் சேர்ந்த ஆபிரகாம் கெஸ்னர் நிலக்கரியிலிருந்து வடித்த ஒரு எண்ணெயை எரித்துக் காட்டினார். மெழுகுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு 'கெரோசீன்' எண்டு பெயர் வைத்ததும் அவர்தான். 1859இல் பென்சில்வேனியாவின் ரைற்றஸ்வில்லில் எட்வின் டிரேக் துளைத்த கிணற்றில் எண்ணெய் வந்தது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் மலிந்தது.

மண்ணெண்ணெயில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குக் காற்று நிறைய வேண்டும். குறைந்தால் புகைக்கும், கரி பிடிக்கும். வீட்டுக்குள் ஒரு கண்ணாடிச் சிமிலியைப் போட்டால் காற்று ஒழுங்காக இழுபடும். வெளியில் கொண்டுபோனால்? காற்று வேணும், ஆனால் காற்று அடிக்கவும் கூடாது. இந்த முரணைத் தீர்த்தவர் ஜோன் இர்வின் எண்ட அமெரிக்கர். லாம்பின் இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிற குழாய்களைக் கைபிடிக்கிற சட்டம் எண்டுதான் நாங்கள் கனகாலம் நினைத்திருந்தோம். அவைதான் அந்த லாம்பின் மூச்சுக்குழாய்கள். 1860களின் இறுதியில் இர்வின் செய்த முதல் வடிவத்தில் சுவாலையிலிருந்து மேலே எழும் சூடான காற்று அந்தக் குழாய்களால் திரும்ப அடிக்கு இறங்கும். எரிந்த காற்றும் அதோடு சேர்ந்து வருவதால் வெளிச்சம் மங்கல். 1870களில் வந்த அடுத்த வடிவத்தில் புகை மேலாலே போய்விடும், குழாய்களுக்குள் புதுக்காற்று மட்டும் இறங்கும். சுவாலை வெள்ளையாக நின்று எரியும். இண்டைக்கும் கடையில் தொங்குகிற எண்ணெய் லாம்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகை. நூற்றைம்பது வருசமாகப் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லாத பொருள் எங்கட வீட்டில் வேறு என்ன இருக்கிறது எண்டு யோசித்துப் பார்த்தம். அம்மியைத் தவிர ஒண்டும் ஞாபகம் வரவில்லை.

நியூயோர்க்கில் 1840இல் விளக்கு வியாபாரத்தைத் தொடங்கிய ரொபேர்ட் டீற்ஸின் கம்பனி இர்வினின் வடிவத்தை எடுத்துப் பெருவாரியாகச் செய்தது. ஜேர்மனியின் பொயர்ஹாண்ட் பிறகு உலகம் முழுக்கப் போனது. யார் வாங்கினார்கள் எண்டதைக் கவனிக்க வேணும். றெயில்வேத் தொழிலாளர், பண்ணைக்காரர், காவல்காரர், படகுக்காரர். இரவில் வெளியில் நின்று வேலை செய்தே ஆகவேண்டியவர்களின் கருவி அது. அழகுக்கு வாங்கிய பொருள் இல்லை.

இனிக் கூடாரத்தின் கதை. பொழுதுபோக்காகக் காட்டில் தங்குவதும் இதே காலத்தில்தான் பரவியது. 1869இல் வில்லியம் மரே எண்ட பாதிரியார் நியூயோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைகளில் தங்கித் திரிவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதை வாசித்துவிட்டு நகரத்துச் சனம் மலைக்குப் படையெடுத்தது. ஆயத்தமில்லாமல் போய் அவதிப்பட்டவர்களை 'மரேயின் முட்டாள்கள்' எண்டு பத்திரிகைகள் நக்கலடித்தன. ரிவர்ஸ்டன் மழையில் ரென்ற் பறந்த கதை வைத்திருக்கிற எல்லாருக்கும் இவர்கள் முன்னோர்.

இங்கிலாந்தில் இதை ஒரு பழக்கமாக்கியவர் தோமஸ் ஹைராம் ஹோல்டிங், ஒரு தையல்காரர். 1853இல் சிறு பையனாகத் தாய் தகப்பனோடு அமெரிக்கச் சமவெளியை வண்டிக் கூட்டமாகக் கடந்தவர். அந்தக் கூடாரங்கள் குடிபெயர்ந்தவர்களின் கூடாரங்கள். விளையாட்டுக்குப் போட்டவை இல்லை. வளர்ந்த பிறகு அதே அனுபவத்தைச் சைக்கிளில் கொண்டுபோகக்கூடிய இலேசான கூடாரமாகத் தைத்தார். 1901இல் சைக்கிள் முகாமிடுவோர் சங்கத்தைத் தொடங்கினார். 1908இல் இதற்கென்றே ஒரு கைநூல் எழுதினார். அதற்கு முதல் வருசம், 1907 ஓகஸ்டில், பேடன் பவல் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டிக்கொண்டுபோய் நடத்திய முகாமிலிருந்துதான் சாரணியம் பிறந்தது. இலங்கைக்கு அது 1912இல் மாத்தளையில் வந்தது. எங்கட தாத்தாமார் பள்ளிக்கூடத்தில் கூடாரம் அடிக்கப் பழகியது இந்த வழியாலே.

இங்கே ஒன்றைச் சொல்ல வேணும். 1879இல் எடிசனின் மின்குமிழ், 1882இல் நியூயோர்க்கில் அவருடைய மின்நிலையம். நகரங்களில் இரவு வெளிச்சமாகிக்கொண்டு வந்த அதே பத்தாண்டுகளில்தான் இருட்டைத் தேடிப் போவதும் ஒரு ஆசையாக வளர்ந்தது. திரும்பிப் போக வெளிச்சமான வீடு உள்ளவருக்குத்தான் லாம்பு அழகு. இது எங்கட வாசிப்பு, மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

ஊரில் அரிக்கனை விடப் பெருமை பெற்றது பெற்றோமாக்ஸ். பேர்ளினில் மக்ஸ் கிரேற்ஸ் உருவாக்கியது. மண்ணெண்ணெயைப் பம்ப் அடித்து அழுத்தி ஆவியாக்கி ஒரு வலைக்குள் எரிக்கும். அந்த வலை, நாங்கள் மென்டில் எண்டு சொல்லுறது, ஒஸ்திரியரான அவுவர் வொன் வெல்ஸ்பாக்கின் கண்டுபிடிப்பு. அது பளீரெண்டு எரிவதற்குக் காரணம் அதில் ஊறின தோரியம் சேர்மம். இதற்குள் எங்கட தீவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கலைவரலாற்றுக்காக நாங்கள் படிக்கிற ஆனந்த குமாரசுவாமி அதற்கு முன்னம் ஒரு கனிமவியலாளர். இலங்கைக் கனிம அளவைத் திணைக்களத்தை நடத்தின காலத்தில், 1904இல், சப்ரகமுவ மாணிக்கச் சரளைக்குள்ளிருந்து கிடைத்த தோரியனைற் எண்ட புதுக் கனிமம் அவர் பெயரோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் உலகம் தோரியத்தைத் தேடினதே பெரும்பாலும் விளக்கு மென்டிலுக்காகத்தான். எங்கட பாடத்திட்டத்தில் அவர் நடராஜரோடு மட்டும்தான் வருகிறார் எண்டது வேற கதை.

பெற்றோமாக்ஸ் வாடகைக்கு வரும். கலியாண வீடு, திருவிழா, விடிய விடியக் கூத்து. அதைத் தலையில் சுமந்துகொண்டு ஊர்வலத்தோடு நடந்தவர்கள் யார், அந்த வெளிச்சத்தில் நடுவில் நடந்தவர்கள் யார் எண்டு கேட்டால் சாதியின் வரலாறு ஒன்று தனியாக வரும். அது இன்னொரு கட்டுரை.

அரிக்கனுக்கே திரும்புவம். 1990 ஜூனில் திரும்பவும் போர் தொடங்கினதோடு யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைத்தது, விலையோ ஏறிக்கொண்டே போனது. மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில்தான் ஓடினது. ஸ்ரார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். தோட்டத்துக்கு இறைக்கிற மிசினுக்கும் அதே எண்ணெய். அப்படியான நேரத்தில் அரிக்கன் லாம்பு கொளுத்துறதே ஆடம்பரமாகிப் போனது. எழுபதுகளில் ஏழையின் விளக்காக இருந்தது தொண்ணூறுகளில் வசதியானவரின் விளக்காகியது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. ஒரு ஜாம் போத்தல். அடியில் கொஞ்சப் பஞ்சு. பஞ்சு ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளாலோ மடித்த தகரத்துக்குள்ளாலோ ஒரு மெல்லிய திரி, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. போத்தலே சிமிலி. திறந்த வாயால் புதுக்காற்று ஓரமாக இறங்க, சூடான காற்று நடுவாலே ஏறும். இர்வின் இரண்டு குழாய் வைத்துத் தீர்த்த பிரச்சினையை, குழாயே இல்லாமல், குசினிக்குள் கிடந்த சாமானால் தீர்த்திருக்கினம். எண்ணெய் பஞ்சுக்குள் இருப்பதால் போத்தல் சரிந்தாலும் இலகுவில் ஊற்றாது. யார் முதல் செய்தார் எண்டு ஒரு பதிவும் இல்லை. காப்புரிமையும் இல்லை. அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை ஓ/எல், ஏ/எல் எழுதியிருக்கிறது.

வெளியில் லாம்பு கொண்டுபோவது அந்த வருசங்களில் வேறு ஒரு விசயம். பொம்மர் சத்தம் கேட்டால் திரியை இறக்கவேணும், அல்லது சாக்கால் மூடவேணும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. செம்மணி வெளியில், நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள் இலட்சக்கணக்கான சனம். கையில் கொண்டுபோனதில் ஒரு லாம்பும் இருந்தது எண்டு எங்கள் வீடுகளில் சொல்லுவினம். எண்ணெய் முடிந்த பிறகும் அதை எறியவில்லையாம்.

அதனால்தான் 'காம்ப்' எண்ட சொல் எங்கட வீட்டில் வேறு மாதிரிக் கேட்கும். ஆமிக் காம்ப். அகதிக் காம்ப். 2009இல் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேரில் பெரும்பாலானோரை அடைத்து வைத்த செட்டிகுளத்து மனிக்பாம். அதன் கடைசி ஆட்கள் வெளியேறியது 2012 செப்ரெம்பரில். வெள்ளைக் கூடாரங்களின் நீளமான வரிசைகள், வெளியே போக விடாத முட்கம்பி. "ரெண்டு நாள் காம்ப் அடிக்கப் போறம்" எண்டு நாங்கள் சொன்னபோது எங்களில் ஒருவரின் அம்மா திரும்பிக் கேட்டா: "காசு குடுத்தோ?" பகிடியாகத்தான் கேட்டா. எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

போகாமல் விட்டால் நல்லது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. நாங்கள் போனோம், இனியும் போவம். கூடாரத்தை முட்கம்பியிடம் விட்டுவிட வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. ஆனால் 'அந்தக் காலத்து எளிய வாழ்க்கை' எண்டு படத்துக்குக் கீழே எழுதுகிறபோது கை கொஞ்சம் நிற்கவேணும். எந்தக் காலம், யாருக்கு எளிது?

அந்தக் காலம் முழுதாகப் போகவுமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதே வருசம் ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறினது. கடலுக்குப் போறவை சிறு எஞ்சினை நிறுத்தினார்கள். மின்சாரம் எட்டாத வீடுகளில் குப்பி விளக்கும் நெடுங்காலம் எரிந்தது. அது சரிந்து தீக்காயத்தோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர சரியாத ஒரு கண்ணாடிப் போத்தல் விளக்கை வடிவமைத்தார். குட்டையான, பாரமான, இரண்டு பக்கம் தட்டையான போத்தல். திருகுகிற உலோக மூடி. மார்மைற் போத்தல்தான் அவருக்கு வழி காட்டியது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

உண்மையான எண்ணெய் லாம்பைக் காட்டுக்குக் கொண்டுபோக விரும்புறவைக்கு, பெரியாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம். புதுத் திரி எண்ணெயில் கால் மணித்தியாலமாவது ஊறவேணும். திரியின் இரண்டு மூலையையும் சற்று வெட்டிவிட்டால் சுவாலை கொம்பு வைக்காது. கூட்டி எரித்தால் வெளிச்சம் கூடாது, சிமிலி கறுக்கும். சூடான சிமிலியில் மழைத்துளி பட்டால் வெடிக்கும். பெற்றோல் கலந்த எண்ணெய் விட்டால் லாம்பே வெடிக்கும். கூடாரத்துக்குள் ஒருநாளும் கொளுத்தக்கூடாது. தீ மட்டுமில்லை, நித்திரையில் மூச்சை அடைக்கிற காபன் மொனொக்சைட்டும் வரும். சிமிலி துடைக்கிறது சாம்பலும் பேப்பரும் கொண்டு. அது சின்னக் கை உள்ள பிள்ளையளின் வேலை, உடைத்தால் அடியும் அவைக்குத்தான்.

இந்தக் கட்டுரைக்காக ஒரு பழைய ஜாம் போத்தல் விளக்கைத் தேடித் திரிந்தோம். ஒருவரும் வைத்திருக்கவில்லை. அரிக்கனை வைத்திருக்கினம், பெற்றோமாக்ஸை மினுக்கி ஷோகேஸில் வைத்திருக்கினம், இதை மட்டும் இல்லை. கடைசியில் எங்கள் தோழி ஒருத்தியின் பெரியம்மா, "அதுக்கென்ன, செய்து தாறன்" எண்டு போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்தா. பஞ்சு, கம்பி, வால்வு. ஐந்து நிமிசம் போயிருக்காது. கொளுத்தினா, நாங்கள் எல்லாரும் போனைத் தூக்கினோம். ரெண்டு படம் எடுக்க முதலே ஊதி அணைத்துவிட்டா. எண்ணெய் வீணாம்.