தமிழர் பள்ளிகளில் கிறித்தவ மறைக்கல்வி

தமிழ்ப் பிள்ளைகளுக்கான கிறித்தவ மறைக்கல்வி முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வேர்கொண்டது. 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சேவியர், மணியடித்துப் பரதவர் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்வித்தார்; கற்றதைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டார். அந்தக் கடற்கரை மக்களுக்காக அண்டிறிக்கி அடிகளார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட மறைக்கல்வி நூல் இது. ஆயினும் தமிழ் அச்சின் வரலாறு இதைத் தவிர்த்துப் பேச முடியாது.

செபம் சொல்ல மனப்பாடம் போதும். வேதத்தைத் தானே வாசிக்க எழுத்தறிவு வேண்டும். 1706இல் தரங்கம்பாடி வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு இதைக் கல்விக் கொள்கையாகவே கொண்டார். திண்ணைப்பள்ளிச் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற அவர், மறு ஆண்டே பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கும் தனிப்பள்ளி வைத்தார். லூத்தரின் ஞானோபதேச வினாவிடை அங்கு முதன்மைப் பாடம். மதமாற்ற நோக்கம் அதில் வெளிப்படையாகவே இருந்தது. திண்ணைப்பள்ளியின் வாசல் திறக்காத பல பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்ததும் அதே வழியில்தான். இவற்றில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்வது நியாயமாகாது.

பின்னர் ஆங்கிலக் கல்விக்காக இந்துக்களும் மிஷன் பள்ளிகளை நாடினர். பைபிள் வகுப்பு கட்டாயமாக இருந்ததால் உரசல் எழுந்தது. சென்னையில் ஜான் ஆண்டர்சன் நடத்திய பள்ளியில் 1841இல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும், பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை நிறுத்திவிட்டனர். மறு ஆண்டு பச்சையப்பன் அறக்கொடையில் ஒரு பள்ளி எழுந்தது. 1846இல் சென்னை ஆளுநர் ட்வீடேல் அரசுப் பள்ளிகளிலும் பைபிளைப் புகுத்த முனைந்தபோது, காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் எதிர்த்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் அதை ஏற்கவில்லை. அரசுப் பள்ளியில் மதபோதனை இல்லை, தனியார் பள்ளிக்கு மானியம் உண்டு என்ற ஏற்பாட்டை 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை நிலைநிறுத்தியது.

மிஷன் பள்ளிகளுக்கு இலங்கையின் யாழ்ப்பாணம் காட்டிய எதிர்வினை நுட்பமானது. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சு, வகுப்பு, பாலபாடம் என மிஷனின் கருவிகளையே எடுத்தாண்டார். கேள்வி பதிலாக அமைந்த அவருடைய 'சைவ வினாவிடை' கிறித்தவ ஞானோபதேசத்தின் வடிவத்தைச் சைவப் பிள்ளைகளுக்கு ஆக்கித் தந்தது. மறைக்கல்வியின் வரலாற்றில் இதைவிட ஆழமான தடம் வேறில்லை.

விடுதலைக்குப் பின் வந்த இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியில் நடக்கும் நிலையங்களில் மதபோதனையைத் தடுக்கிறது. மானியம் பெறும் பள்ளிகளில் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகளை அதில் உட்படுத்த முடியாது. இலங்கை வேறு வழியில் சென்றது. 1960–61இல் மானியம் பெற்ற மதப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசே ஏற்றது. சமயபாடம் மட்டும் நீங்கவில்லை. அங்கு சைவப் பிள்ளைக்குச் சைவநெறியும் கிறித்தவப் பிள்ளைக்குக் கிறித்தவமும் அரசுப் பாடநூல்களாகவே வருகின்றன.