செங்கல் அறுத்தவர்

கம்பத்துப் பெரியப்பாவைப் பார்க்கப் போனவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கின் மேல் ஆறாமல் கிடந்த புற்றுப் புண்ணை மதுரையில் அறுத்து எடுத்திருந்தார்கள். அந்தக் குழியை மூட நெற்றித் தோலைக் கீறி, கீழே திருப்பித் தைத்திருந்தார்கள். புருவங்களுக்கு நடுவே சிறு துதிக்கை போல அது தொங்கியது.

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார் பெரியப்பா. "மூணு வாரம் கழிச்சுத்தான் வெட்டிவிடுவாங்களாம். திராட்சைத் தோட்டத்துக்கு எந்த மூஞ்சியோட போறது?"

அவமானத்துக்கே நாம் 'மூக்கறுபடுவது' என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்! அது வெறும் பேச்சுமல்ல. திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், 1650-களின் பிற்பகுதியில், மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து மூக்குகளை அறுத்தது. சரித்திரத்தில் அதற்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர்.

அறுபட்ட மூக்கை மீட்டவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு அந்தக் கதையைச் சொன்னேன்.

கவாஸ்ஜி என்ற மராட்டியர் இங்கிலீஷ் சேனையில் மாடு ஓட்டியவர். 1792-இல் திப்பு சுல்தானின் கையில் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் மூக்கில்லாமல் திரிந்தவருக்குப் பூனாவுக்கு அருகே புது மூக்கு வைத்தவர் பெரிய வைத்தியர் அல்ல. செங்கல் அறுக்கும் குலத்தவர்.

அவர் மெழுகைத் தட்டி மூக்குப் போல அமைத்தார். அதையே விரித்து நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். அந்த அளவுக்குத் தோலை உரித்தார். ஆனால் இரு கண்களுக்கும் நடுவே ஒரு துண்டை மட்டும் அறுக்காமல் விட்டார். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. புது இடத்தில் ஒட்டும் வரை தோலுக்கு ரத்தம் அந்த வழியாகத்தானே வரவேண்டும்? தோலைத் திருப்பிப் பொருத்தி, காசுக்கட்டி பூசிய துணிகளை ஒட்டினார். பிறகு நெய்யில் தோய்த்த துணி. இருபத்தைந்தாம் நாள் வாக்கில் அந்த இணைப்பை வெட்டினார்.

பம்பாய் ராஜதானியின் வைத்தியர்கள் இருவர் இந்த முறையைக் கண்ணால் கண்டார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' பத்திரிகையில், படத்தோடு செய்தி வந்தது. அதைக் கொண்டு கார்ப்யூ என்ற டாக்டர் பிணங்களின்மேல் பழகிப் பார்த்து, 1814-இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு மூக்கு அமைத்தார். 1816-இல் புத்தகமும் எழுதினார். அங்கிருந்துதான் இது ஐரோப்பாவெங்கும் பரவியது. சுசுருதரோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இலையால் அளவெடுத்துக் கன்னத்துத் தோலில் மூக்கு அமைக்கச் சொல்லியிருக்கிறார்.

பெரியப்பா கேட்டார்: "அந்தச் செங்கல் அறுத்தவர் பேரென்னப்பா?"

பத்திரிகையில் மாட்டுக்காரர் பெயர் இருக்கிறது. பார்த்த டாக்டர்களின் பெயர் இருக்கிறது. செய்தவர் பெயர் இல்லை. அதைச் சொன்னேன்.

"ஒருத்தரும் கேக்கலையாக்கும்" என்றார். வெகுநேரம் பேசவில்லை.

மாலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டார். முகத்தை மூடவில்லை.