ஆலயத்துள் எழுந்த சுவர்

சிலாங்கூரின் வடகோடியில், பெர்ணம் ஆற்றின் முகத்துக்கு அணித்தே, சுங்கை ஆயர் தாவார் என்றோர் ஊருண்டு. உவர்ப்பில்லாத நீரோடும் ஆறு என்பது மலாய் மொழியில் அப்பெயரின் பொருள். ஆயின் தமிழ்க் கிறிஸ்தவர் செவிக்கு அதன் நடுச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். ஆயர் என்பவர் மந்தையை மேய்ப்பவர். திருச்சபையின் தலைமைக் குரு. அவ்வட்டாரத் தோட்டத்து நேயர்களையும் பட்டணத்து நேயர்களையும் ஒருங்கே நோக்கி ஒரு கேள்வி கேட்க விழைகிறோம்: மந்தையில் பிறந்து வளர்ந்த ஆட்டைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்த மேய்ப்பனுக்கு உரிமையுண்டா?

ஆணுக்கு ஆண்மீதும், பெண்ணுக்குப் பெண்மீதும் காதல் பிறக்கும் இயல்புடையோர் எல்லாத் தேசத்திலும் எல்லாக் காலத்திலும் இருந்து வருகின்றனர். தன்பாலீர்ப்புடையோர் என்று இன்று அவர்களை வழங்குகிறோம். தோட்டத்து லயத்திலும் அவர்கள் உண்டு. ஆலயத்தில் கீர்த்தனை பாடுவோரிலும், ஓய்வுநாள் பள்ளியில் சிறுவர்க்குப் போதிப்போரிலும் உண்டு. தெரியாதவரையில் அவர்கள் ‘நம் பிள்ளைகள்’; தெரிந்த மறுநாளே அந்நியர்! இவர்களை என் செய்வது என்னும் வினா திருச்சபைக்குப் புதிது போலத் தோன்றலாம். தமிழ்க் கிறிஸ்தவருக்கு அது புதிதன்று என்பதே நாம் சொல்ல வந்தது.

திருநெல்வேலிச் சீமையின் தென்பாகத்தில் வடக்கன்குளம் என்ற ஊரிலே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், கத்தோலிக்கர் பெரியதோர் ஆலயம் எழுப்பினர். அதன் அமைப்பு காண்டற்கரியது. பீடம் ஒன்று, அதனிடத்தில் வந்து கூடும் மண்டபங்களோ இரண்டு, இடையே சுவர். ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார் முதலியோர். கால்சட்டையின் இரு கால்கள் போல் இருந்தமையால் அதனைக் கால்சட்டைக் கோயில் என்றும் சொல்வதுண்டு. இரு பக்கத்தாருக்கும் ஒரே குரு, ஒரே பூசை. “யாரை விலக்கினோம்? அனைவரும் உள்ளேதானே இருக்கின்றனர்?” என்று சொல்லிக்கொள்ள அந்தச் சுவர் நல்லதொரு சாக்காயிற்று. 1910-ஆம் ஆண்டில் கௌசானல் என்னும் சேசு சபைப் பாதிரியார் அதனை இடிப்பித்தார். வேளாளர் வழக்காடினர், வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது, ஆயினும் இடிந்த சுவர் மீண்டும் எழவில்லை.

நிற்க. இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மெதடிஸ்டு மிஷன் 1885-இல் சிங்கப்பூரில் கால்கொண்டது. பின்னர்த் தீபகற்பமெங்கும் பரவித் தமிழ்ச் சபைகளையும் கண்டது. 1968-இல் மலேசியா, சிங்கப்பூர் மெதடிஸ்டுத் திருச்சபை தன்னாட்சி பெற்றபோது, அதன் முதல் ஆசியப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றவர் யாப் கிம் ஹாவ் என்னும் சீனர். தமிழ்ச் சபைகளுக்கும் அவரே பேராயர். பின்னர் ஆசியக் கிறிஸ்தவ மன்றத்தின் பொதுச் செயலாளராகவும் பல்லாண்டு பணியாற்றினார்.

இத்தகைய பெரியவர் ஓய்வுக் காலத்தில் பேரோடும் புகழோடும் வாளா இருந்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை. சிங்கப்பூர்த் திருச்சபைகளின் தேசிய மன்றம் ஓரினச் சேர்க்கையை எதிர்த்து 2003-இல் அறிக்கை விடுத்தது. அதே காலத்தில் அந்நகரில் தன்பாலீர்ப்புடையோரையும் மனமுவந்து ஏற்கும் ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச் என்னும் சிறு சபை உருவாயிற்று. முன்னாட் பேராயர் அச்சபைக்கு ஆலோசகராய் நின்றார். அவர்கள் பொருட்டு வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். தம் சபைத் தலைவர்கள் பலர் முகஞ்சுளிப்பர் என்று அறிந்தே செய்தார். 2017-இல் மறையும்வரை அந்நிலையினின்று அவர் மாறவில்லை.

“ஜாதி மனிதன் செய்த ஏற்பாடு, இதுவோ வேதம் விலக்கியது. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்?” என்று அன்பர் சிலர் ஆட்சேபிப்பர். நேர்மையான ஆட்சேபந்தான். லேவியராகமத்தில் தடை இருப்பது உண்மை. ஆனால் அண்ணகர் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமத்தில் தடையிருப்பதும் உண்மையன்றோ? அங்ஙனமிருந்தும் அப்போஸ்தலர் நடபடிகளில் நடந்தது என்ன? எத்தியோப்பிய மந்திரியான அண்ணகன் ஒருவன் இரதத்தில் செல்கிறான். வழியில் நீரைக் கண்டு, தான் ஞானஸ்நானம் பெறத் தடையென்ன என்று பிலிப்புவைக் கேட்கிறான். பழைய தடையைப் பிலிப்பு எடுத்துக்காட்டவில்லை. இருவரும் நீரில் இறங்கினர். தடையைப் படித்தவர்களே நீரையும் கண்டனர். எதைப் பற்றுவது என்பதை அன்பு தீர்த்தது.

“மனிதனை நேசிக்கிறோம், அவன் வாழ்வை மட்டும் ஏற்கோம்” என்பாரும் உளர். ஒரே பீடத்தைக் காட்டி, இடையில் சுவரெழுப்பிய வடக்கன்குளத்து நியாயத்துக்கும் இதற்கும் தூரம் எவ்வளவு? உள்ளே விட்டுப் பாடச் சொல்லி, காணிக்கையும் பெற்றுக்கொண்டு, அவன் மனத்தைத் திறந்தால் மட்டும் வாசலைக் காட்டுவது சுவரில்லாத சுவர். செங்கற் சுவரையேனும் பாதிரியார் ஒருவர் இடிக்கலாம். இதை இடிக்கச் சபை முழுவதும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இவர்களைத் தண்டிக்கும் 377-ஆம் பிரிவு தமிழரோ மலாய்க்காரரோ இயற்றியதன்று. ஆங்கிலேயர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதியது. நம் முன்னோரைக் கூலிகளாய் ஏற்றி வந்த அரசே அதனையும் இக்கரை சேர்த்தது. இங்கிலாந்து 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்தியது. இந்திய உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயதுவந்தோர் மனமொப்பிய உறவு குற்றமன்று என்றது. ஆண்களைத் தண்டிக்க 1938-இல் சேர்த்த 377ஏ பிரிவை நீக்கச் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2022-இல் வாக்களித்தது. மலேசியாவிலோ 20 ஆண்டுவரை சிறையும் கசையடியும் இன்றும் ஏட்டில் உள்ளன.

சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் கையில். பக்கத்தில் இடம் விட்டு, “வா தம்பி, உட்கார்” என்று சொல்வது நம் கையில். அதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கடலோரத் தோட்டத்தானுக்கு உவர்நீரும் தெரியும், நன்னீரின் அருமையும் தெரியும். தாகத்தோடு வருபவனை யாரென்று விசாரித்தா தண்ணீர் வார்ப்போம்? ஆயர்களும் ஆடுகளும் இதனைச் சிந்திப்பார்களாக!