ரப்பருக்கு முன் வந்த காப்பி



"இந்நாட்டில் நம்மவரின் தோட்ட வாழ்வு எந்தப் பயிரிலிருந்து தொடங்கியது?" என்று பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், "ரப்பர்" என்று தயங்காமல் சொல்வார்கள். ஆனால், பால்மரம் பெருகுவதற்கு முன்பே நம் முன்னோர் இங்கே வடக்கில் கரும்பு வெட்டினார்கள். சிலாங்கூரிலும் அதன் அண்டை மாநிலங்களிலும் காப்பிப் பழம் பறித்தார்கள். இன்று காப்பியின் கதையைப் பார்ப்போம். நாம் நாள்தோறும் பருகும் அந்தக் கறுப்பு நீருக்குள் நம்முடைய கதையும் கலந்திருக்கிறது.

காப்பிச் செடியின் தாயகம் ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா. அதைப் பானமாக்கிப் பரப்பியவர்கள் செங்கடலுக்கு அப்பால் ஏமன் நாட்டில் வாழ்ந்த சூஃபி ஞானியர். இரவு வழிபாட்டில் உறக்கம் வராதிருக்க 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதைப் பருகினார்கள். 1511ஆம் ஆண்டு மக்கா நகர அதிகாரி ஒருவர் காப்பிக்குத் தடை விதித்தார், தடை நிலைக்கவில்லை. 1650களில் இலண்டனிலும் காப்பிக் கடை திறந்துவிட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர்கள் காப்பியை ஜாவாவில் பயிராக்கினார்கள்.

நம்மவர்க்கும் காப்பிக்கும் தோட்ட உறவு ஏற்பட்ட இடம் இலங்கை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கண்டி மலைச்சரிவுகளில் காடழித்துக் காப்பி நட்டனர். பழம் பறிக்க ஆள் வேண்டுமே! தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினார்கள். தோணியில் மன்னார்க் கரை சேர்ந்தவர்கள், காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாகவே போனார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். நாம் பிற்காலத்தில் இங்குக் கண்ட கங்காணி முறை அந்தக் காப்பித் தோட்டங்களில் வேர்விட்டதுதான்.

1869ஆம் ஆண்டு இலங்கைக் காப்பிக்குக் கேடு வந்தது. இலையின் அடிப்பக்கத்தில் துருவைப் போல ஆரஞ்சு நிறப் பொடி படிந்தது, இலைகள் உதிர்ந்தன, செடிகள் மொட்டையாகிக் காய்ப்பு குன்றியது. இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இலங்கைக் காப்பித் தொழில் நலிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. துரைமார்களுள் சிலர் வேறு மண்ணைத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறினார்கள்.

இலங்கையில் வளர்ந்தது 'அரபிக்கா' இனம். அது மலைக்குளிர்ச்சியை விரும்புவது. மலாயாவின் தாழ்ந்த வெப்பநிலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் 'லைபீரிக்கா' இனமே ஏற்றதாக இருந்தது. தடித்த பெரிய இலை, பெரிய பழம், கவாத்து செய்யாவிட்டால் முப்பது அடிக்கு மேல் வளரும் மரம். சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பகுதிகளில் காடுகள் திறக்கப்பட்டு, 1890களில் லைபீரிக்காத் தோட்டங்கள் பெருகின. அங்கு உழைக்கத் தமிழர்கள் வந்தார்கள்.

அவர்கள் செய்த வேலை என்ன? நாற்றங்காலில் வளர்த்த கன்றை நட்டால், மூன்று நான்கு ஆண்டுகளில் அது காய்க்கும். மல்லிகை போன்ற வெண்பூ பூத்துப் பழமாக ஓராண்டு அளவு ஆகும். எல்லாப் பழமும் ஒருசேரப் பழுப்பதில்லை. ஆகவே அதே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பறித்த பழத்தின் சதையை நீக்கி, பிசுபிசுப்பு அகலும்வரை புளிக்கவிட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மேலோட்டை உடைத்தால் கிடைப்பதே காப்பிக் கொட்டை. பழத்தை அப்படியே காயவைத்து உடைக்கும் முறையும் உண்டு. லைபீரிக்காவில் தோலும் சதையும் தடிப்பு. கூடை நிறையப் பறித்தாலும் கொட்டை கொஞ்சந்தான்.

1890களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டின் விளைச்சல் உலகச் சந்தையில் வந்து குவிந்தது. காப்பி விலை சரிந்தது. நல்லவேளையாக, 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் தயாராயிருந்தன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்ட இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டு, ரப்பர் நடும்படி துரைமார்களை வற்புறுத்தி வந்தார். காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும், மலாக்காவில் டான் சே யானும் 1890களின் நடுவிலேயே ரப்பர் நட்டிருந்தார்கள். மற்றவர்கள் காப்பி வரிசைகளுக்கு இடையே ரப்பரை ஊன்றினார்கள். ரப்பர் உயர்ந்து நிழல் பரப்ப, காப்பி மறைந்தது. பழக்கூடை பிடித்த கை, பால்வாளி பிடித்தது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பயிர் மாறியபோது துரை கணக்குப் பார்த்து முடிவு செய்தார். தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. பிரேசிலில் கொட்டை மலிந்தால் கிள்ளானில் ஒரு குடும்பத்தின் அடுப்பு ஏன் அடங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் விளக்கவுமில்லை. பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் நடந்தது ஏறக்குறைய இதே கதைதான்.

தோட்டங்கள் மறைந்தும் பானம் மறையவில்லை. காரணம் என்ன? காப்பியில் 'கஃபீன்' என்னும் பொருள் உண்டு. 1819இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய அறிஞர் அதைப் பிரித்தெடுத்தார். மூளைக்குக் களைப்பை உணர்த்தும் வேதிப்பொருளை அது தடுத்து நிறுத்துகிறது. அதனால் சோர்வு மறைகிறது. பச்சைக் கொட்டைக்கு இல்லாத மணத்தை வறுக்கும் நெருப்பு தருகிறது. இந்நாட்டில் ஹைனான் சீனர்கள் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுத்துத் துணிப்பையில் வடித்து, அதற்குத் தனிச்சுவை கொடுத்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட நம்மவருக்கோ, ஒரு குவளை வரக்காப்பிதான் குளிருக்குப் போர்வை, பசிக்கு முதற்கவளம். சுவைக்காக மட்டும் அவர்கள் குடிக்கவில்லை. உடம்பை எழுப்பக் குடித்தார்கள்.

இன்றும் தீபகற்ப மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பங்கு லைபீரிக்காவே. ஜொகூரில் அதைக் காணலாம். பிள்ளைகளுக்கு அந்த மரத்தைக் காட்டுங்கள். ரப்பருக்கு முன்னரே வந்து, பெயர் எழுதப்படாமல் போன மனிதர்கள் அதன் நிழலில் நின்றார்கள் என்றும் சொல்லிக் கொடுங்கள்.