வானவரும் தூதரும்

யூதம், கிறித்தவம், இசுலாம் ஆகிய முச்சமயங்களும் இறைவனுக்கும் மாந்தர்க்கும் இடையே தூது செல்லும் அருவ உயிர்களை நம்புவன. எபிரேயத்தின் மலாக், கிரேக்கத்தின் அங்கெலொசு, அரபியின் மலக்கு என்னும் மூன்றும் தூதுப் பொருளிற் பிறந்த சொற்களே.

இக்கருத்துத் தமிழிற் புகுந்தபோது இடர்ப்பாடொன்று எழுந்தது. வானவர், அமரர் என்பன தமிழ்மரபில் வழிபாட்டுக்குரிய தேவரைக் குறிப்பன. அச்சமயங்களிலோ இவர் இறைவனாற் படைக்கப்பட்ட ஏவலர். இறைவற்குரிய வழிபாடு இவர்க்கில்லை. எனினும், உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் சிபுறயீலை அமரர் தலைவராகவே குறித்தார். வீரமாமுனிவரின் தேம்பாவணியிலும் (1726) வானவர் என்னும் சொல் பயில்கின்றது. அங்ஙனமாயின், புலவர் தம் கொள்கையை நெகிழவிட்டனரோ எனின், அற்றன்று. சொல் பழையது; அதற்கு அவர் ஏற்றிய செயல் புதியது.

சிபுறயீல் இறாக் குகையில் நபிகளிடம் சேர்ப்பது இறைமொழி; தம்மொழி அன்று. தேம்பாவணித் தலைவராகிய சூசைக்கு, மத்தேயு நற்செய்தியின்படி, தூதர் மும்முறை கனவில் தோன்றுகின்றார். ஒருமுறையேனும் தம் பெயர் கூறினாரல்லர். தன்னுயிர்க்குக் கேடு வரினும் தலைவற்கு நன்மை விளைப்பவனே தூதன் என்னும் கருத்தினைத் திருக்குறளின் 69-ஆம் அதிகாரத்திற் கண்ட தமிழர்க்கு இவ்வியல்பு அயலானதன்று.

பின்னர் உரைநடையில் கத்தோலிக்கர் சம்மனசு என்றும், சீர்திருத்தச் சபையார் தேவதூதன் என்றும் வழங்கினர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வானதூதர் என்னும் சொல்லை ஆண்டது. வானவர் என மட்டும் கூறின் ஏவலர் இறைவராவர். தூதர் என மட்டும் கூறின் அவர்தம் விண்ணகத் தன்மை மறையும். இவ்விரண்டனையும் ஒருசொல்லில் இணைத்தமையே தமிழ் ஈட்டிய தீர்வு என்க.