கட்டளை ஒலியாகும் கதை

காஞ்சிபுரத்துத் தறிகள் பலவற்றின் மேலே துளையிட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியின் வழிவந்தவை அவை. எந்தப் பாவு இழை உயர வேண்டும், எது தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைத் துளைகள் அறிவிக்கின்றன. அட்டையில் பட்டும் இல்லை, சரிகையும் இல்லை. கட்டளை மட்டுமே உண்டு. இசையிலும் கட்டளை வேறு, ஒலி வேறு. இதன் விளைவை அறிய காஞ்சியிலேயே ஒரு சான்று இருக்கிறது.

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) லய வல்லமைக்குப் பெயர் பெற்ற பாடகர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் புடைசூழப் பாடியவர். அவர் காலத்தில் கிராமபோன் தட்டுகள் ஊரெங்கும் சுழன்றன. ஆயினும் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற சீடர்கள் பாடாந்தரத்தைக் காத்தனர், குரல் போயிற்று.

கட்டளையை எழுதி வைக்கும் முயற்சி நம்மிடம் இல்லாமல் இல்லை. காஞ்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்த முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை, சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலாக வெளியிட்டார். ஸ்வரங்களின் மேல் கமகக் குறிகளும் இட்டார். அரிய உழைப்பு அது! ஆனால் குறியைக் கண்டு பாடக் குரு வேண்டும்.

1983-இல் மின்னிசைக் கருவிகளுக்கென ஒரு பொது மொழி வந்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காகெஹாஷியும் அதற்கு முன்னின்றனர். அதன் பெயர் 'மிடி'. தமிழில் மிடி என்றால் வறுமை; பெயர் தற்செயலாக அமைந்தாலும் பொருத்தமே. அந்தக் கோப்பில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டையை, எவ்வளவு விசையோடு, எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்ற எண்களே உள்ளன. ஒரு நிமிட இசைக்குச் சில ஆயிரம் பைட்டுகள் போதும். அதையே குறுந்தகட்டுத் தரத்தில், நொடிக்கு 44,100 மாதிரிகளாக, இரு தடங்களில் ஒலியாக்கினால் 1 கோடிக்கு மேற்பட்ட பைட்டுகள் ஆகும்.

கருவிகளுக்கு 1991-இல் ஒரு பொதுப் பட்டியல் வகுத்தார்கள். அதன் 128 ஒலிகளில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடமுண்டு. நம் வீணைக்கும் நாகசுரத்துக்கும் இல்லை. கமகத்தின் பாடு இன்னும் சங்கடம். தோடியின் காந்தாரம் அசைய வேண்டுமானால், சுருதியை வளைக்கும் கட்டளைகளை இடைவிடாமல் அனுப்ப வேண்டும். அந்த வளைவின் முழு வீச்சு எத்தனை ஸ்வரத்தானம் என்பதைப் பெரும்பாலும் ஒலிக்கும் கருவியே முடிவு செய்கிறது. 2 தானங்களுக்கென எழுதிய கோப்பு, 12 என வைத்த கருவியில் ஒலித்தால் அசைவு ஆறு மடங்காகும். அப்புறம் அது தோடியா? கேட்பவர் எழுந்து போவார்!

ஆகவேதான் ஒலிப்பதிவு மென்பொருளில் மிடித் தடத்தை ஒலித் தடமாக மாற்றுகிறார்கள். கட்டளைகள் மென்பொருள் கருவி ஒன்றுக்குள் செல்கின்றன; அது எழுப்பும் ஒலி மாதிரி எண்களாகக் கோப்பில் பதிகிறது. கணினி தன் வேகத்திலேயே செய்வதால் ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை. வெளியே இணைத்த மின்னிசைப் பலகையானால் முழுதும் வாசிக்கவிட்டுத்தான் பதிய வேண்டும். மாற்றிய பின், வேறு கூடத்தில் அந்தக் கருவி இல்லாவிட்டாலும் காந்தாரம் அசைந்தபடியே ஒலிக்கும்.

ஒலியான பிறகு ஸ்வரம் ஒன்றைத் திருத்துவது எளிதன்று. நெய்த சேலையில் ஒரு மயிலைப் பிரித்து யானையாக்க முடியுமா? அதனால் பழகியவர்கள் மிடித் தடத்தை அழிப்பதில்லை. ஓசையை அடக்கி, ஒலித் தடத்தின் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். சேலை விலைபோன பிறகும் நெசவாளர் வீட்டில் அட்டைக் கட்டு உத்தரத்தில் தொங்குவது போல.