புவியறிவியல் தொழில் உரிமச் சான்றிதழ்கள் (கனடா)

கனடாவில் புவியறிவியலாளராகத் தொழில் செய்யப் பட்டம் மட்டும் போதாது. மாகாண ஒழுங்குமுறை அமைப்பின் உரிமமும் வேண்டும். கட்டமைப்புப் புவியியல், களப்பணி போன்ற பாடங்களைப் படிக்காமல் விட்டவர்கள் பல்கலைக்கழகச் சான்றிதழ்ப் படிப்பில் அக்குறையை ஈடுசெய்யலாம். சான்றிதழே உரிமம் ஆகிவிடாது. பொதுவாக நான்காண்டுப் பணி அனுபவமும் தொழில்நெறித் தேர்வும் தேவை.

இந்தக் கண்டிப்பு நியாயமானதே. 1997இல் பிரீ-எக்ஸ் நிறுவனத்தின் இந்தோனேசியத் தங்க மோசடி அம்பலமானது. துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியை மறுசோதனைக்கு எடுத்துவைப்பது சுரங்கத்துறை வழக்கம். அங்கோ பெரும்பாலும் முழுத் தண்டையும் நொறுக்கிவிட்டார்கள். அந்தத் தூளில் வெளியிலிருந்து கலக்கப்பட்டிருந்தவை ஆற்றுத் தங்கத்தின் உருண்ட துகள்கள்.

இந்த மோசடிக்குப் பின், ஒன்டாரியோ மாகாணம் 2000இல் தொழில்முறைப் புவியறிவியலாளர் சட்டத்தை இயற்றியது. பங்குச்சந்தைக்குச் செல்லும் கனிம அறிக்கைகளுக்குத் தகுதி பெற்ற ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2001இல் நடைமுறைக்கு வந்தது.